துருவேந்தனின் சாக்ஸ்

ஊரில் எல்லோரும் திடீரென்று அழுக்குத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். துவைக்கக் கொடுப்பதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். மோந்து பார்க்கக் கொடுப்பதற்கு!

சமூகக் கூடத்து வாசலில் தொடங்கிய வரிசை மருந்துக்கடையைத் தாண்டி, பல் மருத்துவர் வீட்டு கேட்டை மறித்துக்கொண்டு நின்றது. பல்வலியோடு வந்தவர்கள்கூடக் கூட்டத்தைப் பார்த்ததும் தாடையைப் பிடித்தபடியே வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். கைக்குட்டை, தொப்பி, பழைய பனியன், எதுவானாலும் சரி. உடம்பில் பட்ட துணியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. உள்ளே ஊதா அங்கி போட்ட ஒருவர் அதை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்து, "உன் தெய்வம் இன்னது" என்று சொல்லிவிடுவார். தன்னைப் பரிமள குரு என்று அழைத்துக்கொண்டார். சலவைக்கடை அக்கா மட்டும் அவரை மோப்பக்காரர் என்றாள்.

சரி, எந்தத் தெய்வம்? அங்கேதான் வேடிக்கை. 'உப்புமலை வரலாறு' என்று ஒன்பது பாகமாக ஒரு கதைப் புத்தகம் வந்திருந்தது. ஒவ்வொரு பாகமும் தலையணை கனம். அதை எழுதிய அம்மாள் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து, தன் பாட்டுக்கு ஒரு மலை, நான்கு தெய்வம், ஏழெட்டுப் போர் என்று கற்பனை செய்து எழுதியிருந்தார். ஊர் அதைப் படித்தது. படித்ததோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

நான்கு தெய்வங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனலம்மை நெருப்பு. பொய் பேசினால் எதிரில் இருக்கும் விளக்கு அணைந்துவிடும். நுரையப்பன் கடல். மகா மறதிக்காரர். நூலாயி எல்லோருடைய வாழ்க்கையையும் நெய்கிறவள். அவளுடைய பக்தர்கள் சட்டைக் கையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். கடைசி ஆள் துருவேந்தன். துருவுக்கு அதிபதி. பூட்டுத் துவாரம் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, ஊசியிலிருந்து கத்திவரை எல்லாவற்றையும் தின்றுவிடுவான்.

எந்தத் தெய்வம் பெரிது என்ற சண்டை தினமும் சலவைக்கடைப் பலகையில்தான் நடக்கும். ஒரு நாள் முடிதிருத்துகிறவர் துவைத்த துண்டுகளை வாங்க வந்த இடத்தில், டியூஷன் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க நுரையப்பனுக்கு ஞாபகமறதி. அவர்கிட்ட வரம் கேட்டு என்னய்யா பிரயோஜனம்?"

"குடுத்ததை மறந்துட்டு மறுபடியும் குடுப்பாரே! உங்க கனலம்மை குடுப்பாளா?"

"எங்க அம்மா நியாயஸ்தி. ஒரு தப்புன்னா ஏழு பாகம் தள்ளிக்கூட ஞாபகம் வெச்சிருப்பா."

"அது தெய்வமா, மாமியாரா?"

அக்கா சிரித்துக்கொண்டே துண்டுகளை அடுக்கினாள். அவளுக்கும் அந்தப் புத்தகம் பிடிக்கும். மறதிக்கார சாமி ஒருத்தர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளே நினைத்ததுண்டு. ஆனால் அவள் கும்பிடுகிற சாமி வேறு. காலையில் ஷட்டரைத் தூக்கும் முன் கைகூப்பி, "சாமி, இன்னிக்கு யார் சட்டையும் தீஞ்சு போகக்கூடாது" என்று ஒரு வரி. அதற்குமேல் அவரைத் தொந்தரவு செய்வதில்லை.

பரிமள குரு வந்த பிறகுதான் விளையாட்டு வினையானது. நான்கு தெய்வங்களும் உண்மை என்றும், எழுதிய அம்மாளின் காதில் அவையே வந்து சொல்லித்தான் அவர் எழுதினார் என்றும் குரு சொன்னார். ஒவ்வொரு மனிதரின் வியர்வையிலும் அவரவர் தெய்வத்தின் வாசனை இருக்கிறதாம். ஊருக்குப் புல்லரித்தது. எழுதிய அம்மாளையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. புல்லரிக்கும்போது புத்தி கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொள்ளும் போலிருக்கிறது.

அக்காவுக்கு ஒரே தம்பி. கடையில் இஸ்திரி போடுகிறவன். அவனுக்கும், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு பேரும் புத்தகத்தின் ஆறாம் பாகத்தை மாற்றி மாற்றி இரவல் கொடுத்தே நெருங்கியவர்கள். பெண்ணின் அப்பா மரச்சாமான் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். குரலும் மனசும் பெரிது. சந்தேகம் என்பதுதான் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. குரு தங்கியிருந்ததும் அவர் வீட்டு மாடியில்தான். புதுக் கட்டில், புது மெத்தை, மூன்று வேளை சாப்பாடு. குருவின் துணிமூட்டையைத் தூக்க உடன் வந்த மைத்துனருக்கும் சேர்த்து.

மாப்பிள்ளை, பெண் இருவரின் கைக்குட்டைகளும் குருவிடம் போயின. குரு முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"பெண் நூலாயி. பையன் துருவேந்தன். துரு ஊசியைத் தின்னும். ஊசி போனால் நூல் என்ன செய்யும்? இந்தக் கல்யாணம் நடந்தால் குடும்பம் கிழிந்த துணி!"

பரிகாரம் இல்லாமலா? இருந்தது. தடித்த காணிக்கை உறை ஒன்று. அதோடு, மறு உத்தரவு வரும்வரை தம்பி தினமும் தலைமுதல் கால்வரை எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும். துரு பிடிக்காதாம்.

தம்பியும் பூசிக்கொண்டான். அந்தப் பெண்ணுக்காகப் பசையே பூசிக்கொள்வான், எண்ணெய் என்ன பிரமாதம்? அன்றைக்கு அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகளில் எல்லாம் ஐந்து விரலும் பளிச்சென்று பதிந்திருந்தன. வாத்தியார் தன் சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, "யாரோ என் முதுகில் தட்டிக்கொடுத்திருக்காங்க" என்றார்.

"டேய், நிறுத்துடா இதை," என்றாள் அக்கா.

"அக்கா, மாமா கல்யாணத்தையே நிறுத்திடுவார்க்கா. துரு போகலைன்னா பொண்ணு குடுக்கமாட்டேன்னுட்டார்."

"உன் மேல துரு வாசனை வருதுன்னு அந்தாளுக்கு எப்படித் தெரியும்? எந்தக் கைக்குட்டையைக் குடுத்த?"

தம்பி நெளிந்தான். "அழுக்கா எப்படிக்கா குடுக்கறது? சலவைக்கடைக்காரன் அழுக்குக் கைக்குட்டை குடுத்தா அசிங்கமில்லையா? நல்லாத் துவைச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் குடுத்தேன்."

அக்கா வெள்ளாவிக்கு வந்த மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா, கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்படியானால் மோப்பக்காரர் இழுத்தது எந்தத் தெய்வத்தின் வாசனை? அவள் கடைச் சோப்புத்தூளின் வாசனை!

இதை மரச்சாமான் கடைக்காரரிடம் சொன்னாள். அவர் கேட்கவில்லை. "சோப்பையும் தாண்டி மோப்பம் பிடிச்சிருக்கார்னா பாரேன்ம்மா! எவ்வளவு சக்தி!" என்றார். பக்தி முற்றினால் ஓட்டையும் ஜன்னலாகத் தெரியும்.

கண்ணாடிக்கடைப் பெண் அக்காவைத் தனியே கூப்பிட்டு அழுதாள். "நான் என்ன சொன்னாலும் அப்பா கேக்கமாட்டார்க்கா. குரு வாயால வந்தாத்தான் கேப்பார்."

'குரு வாயால' என்ற சொல் அக்காவின் மனதில் தங்கியது. அன்று துணிகளைப் பிரித்துப் போடும்போது குருவின் மூட்டை கைக்கு வந்தது.

அவள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் நிறம். துணியின் ஓரத்தில் அந்த நிறத்தில் சின்னதாக இரண்டு தையல். முடிதிருத்துகிறவருக்குப் பச்சை, வாத்தியாருக்குச் சாம்பல், மரச்சாமான் கடைக்காரருக்குப் பழுப்பு. ஊரில் எல்லோர் காலருக்குள்ளும் அவள் தையல் இருந்தது. குருவின் மைத்துனர் முதல் நாளே வந்து, "அய்யா துணி சாதாரண ஜனங்க துணியோட கலக்கக்கூடாது. ஊதா நூல் போடுங்க. வேற யாருக்கும் அந்த நிறம் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மூட்டையிலிருந்து ஒரு கறுப்பு சாக்ஸை எடுத்தாள். இன்னும் துவைக்காதது. வாடிக்கையாளர் துணியை நாலு பேர் முன்னால் காட்டுவது தொழிலுக்குத் துரோகம் என்று அவளுக்குத் தெரியும். மேலே பார்த்தாள். "சாமி, ஒரே ஒரு சாக்ஸ். மன்னிச்சுக்கோ."

கூடம் நிரம்பி வழிந்தது. அக்காவின் முறை வந்தபோது மரச்சாமான் கடைக்காரர் முன்வரிசையில் இருந்தார். அவள் தட்டில் சாக்ஸை வைத்தாள்.

"அய்யா, இது எங்க வீட்டுக் கல்யாணத்துல ரொம்பத் தலையிடற ஒருத்தரோடது. பேரைச் சொல்லமாட்டேன். நீங்கதான் ஆளை அளந்து சொல்லணும்."

குரு அதை எடுத்து முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த முறை நடிப்பில்லை.

"ஹா! துருவேந்தன்! அவனுடைய தலைமை அடியாள்! பொய்யன்! உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிறவன்! இவன் படுத்த கட்டில் உளுத்துப்போகும்!"

மரச்சாமான் கடைக்காரர் துள்ளி எழுந்தார். கட்டில் என்றதும் அவருக்குத் தொழில் பயம். "குருவே, அவன் எங்க வீட்டுப் பக்கம் வருவானா?"

"வந்தேவிட்டான்! இந்தக் கணமே விரட்டுங்கள்! அவன் சொல்லும் ஒரு சொல்லையும் நம்பாதீர்கள்!"

பின்னால் கூடை பிடித்து நின்ற மைத்துனர் கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தார். தூக்கக் கலக்கமோ, வெள்ளை மனமோ, "மச்சான்," என்றார் உரக்க, "அது உங்க சாக்ஸ் மாதிரில்ல இருக்கு?"

கூடமே எட்டிப் பார்த்தது.

"உளறாதே!" என்றார் குரு.

அக்கா சாக்ஸின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். ஊதா நூலில் இரண்டு தையல். எல்லோர் கண்ணும் குருவின் அங்கி விளிம்புக்குப் போனது. அங்கேயும் அதே ஊதா, அதே இரண்டு தையல். ஜனங்கள் ஒருவர் காலரை ஒருவர் திருப்பிப் பார்த்தார்கள். பச்சை, சாம்பல், பழுப்பு, மஞ்சள். ஊதா மட்டும் எங்கேயும் இல்லை.

"கலக்கக்கூடாதுன்னு அய்யாதான் சொன்னார்," என்றாள் அக்கா. "நான் கலக்கலை. துவைச்ச கைக்குட்டையிலயும் துருவேந்தன், துவைக்காத சாக்ஸ்லயும் துருவேந்தன். அப்போ எங்க தம்பியும் குருவும் ஒரே சாமி. அய்யாவும் எண்ணெய் பூசிக்கணுமே?"

முதலில் சிரித்தது வாத்தியார். அப்புறம் கூடமே சிரித்தது. சிரித்து முடிந்ததும் சிலருக்குக் காணிக்கை உறை ஞாபகம் வந்து கோபம் ஏறியது. முடிதிருத்துகிறவர் சட்டைக் கையைச் சுருட்டினார். குரு மேசைக்கு அடியில் போனார்.

அக்கா மேசைக்குக் குறுக்கே நின்றாள். "யாரும் கை வைக்கக்கூடாது. உறையெல்லாம் கூடையிலதான் இருக்கு, அவங்கவங்க எடுத்துக்கங்க. அவர் மூக்கை நீட்டினார். நாமதான் துணியைத் தூக்கிட்டு ஓடினோம்."

பிறகு குனிந்து கேட்டாள். "சாப்டீங்களா?"

"இல்லம்மா," என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குரல். அதில் பரிமளமும் இல்லை, குருவும் இல்லை. "முன்னாடி வீடு வீடா செண்ட்டு வித்தேன். ஒருத்தரும் கதவைத் திறக்கலை. அங்கி போட்டேன், எல்லாரும் திறந்தாங்க."

குருவையும் மைத்துனரையும் கடையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். சாக்ஸைத் துவைத்து, காயவைத்து, ஜோடி சேர்த்துக் கையில் கொடுத்தாள். கூலி வாங்கவில்லை. "இனிமே வாசனையைப் புட்டியில வெச்சு வித்துப் பொழைங்க," என்று மட்டும் சொல்லி வழியனுப்பினாள். தம்பியை வெந்நீரும் சோப்புத்தூளுமாகக் கடையின் பின்கட்டுக்குத் துரத்தினாள். எண்ணெய் போக அரைப் பொட்டலம் ஆனது.

சாயங்காலம் மரச்சாமான் கடைக்காரர் தயங்கித் தயங்கிப் பலகையருகே வந்து நின்றார். மகளும் கூட வந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா. கல்யாணம் நடக்கட்டும். என் கையாலேயே ஒரு கட்டில் செஞ்சு தர்றேன்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. அந்தாள்தான் புரட்டு. அப்போ நிஜத்துல என் பொண்ணு எந்தச் சாமி? நூலாயியா, கனலம்மையா?"

மகள் தலையில் அடித்துக்கொண்டு, பையிலிருந்த ஆறாம் பாகத்தின் முதல் தாளைத் திறந்து நீட்டினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "இந்தக் கதையில் வரும் தெய்வங்கள் எல்லாம் என் கற்பனை. படித்து மகிழுங்கள். யாரும் கும்பிட்டுவிட வேண்டாம்."

"இதை எப்போ போட்டாங்க?"

"ஒன்பது பாகத்துலயும் இருக்குப்பா."

"கதைக்கு முன்னாடி இருக்கற பக்கத்தை எவன் படிக்கறான்!" என்றார் அவர் பரிதாபமாக.

"அதை எழுதின அம்மா உண்மையைச் சொல்லிட்டுத்தான் கற்பனையை ஆரம்பிச்சிருக்காங்க மாமா," என்றாள் அக்கா, அவருடைய பழுப்புத் தையல் சட்டையை மடித்துக் கொடுத்தபடி. "அடுத்த தடவை ஒருத்தர் மூக்கை நம்பறதுக்கு முன்னாடி, நம்ம மூக்குக்கு மேல, நெத்திக்குப் பின்னால, ஆண்டவன் ஒண்ணு வெச்சிருக்கான் பாருங்க, அதைக் கொஞ்சம் வெளியே எடுங்க. ரொம்ப நாளாப் பெட்டியிலயே மடிச்சு வெச்சா, அதுவும் மக்கிப்போகும்."