செல்லாமல் போன சரணாகதி

ஒரு காட்டில் மகா கெட்டிக்கார வக்கீல் நரி ஒன்று இருந்தது. ஒரு கேஸில்கூடத் தோற்றதில்லை. வேறு யார், நான்தான். என் பெருமையை நானே சொல்லாவிட்டால் எந்தப் பிராணி சொல்லப்போகிறது?

அந்தக் காட்டு மலையுச்சியில் சிங்கராஜாவுக்கு ஒரு கோட்டை. காவலுக்கு முயல்கள். தளபதி, கூரன் என்ற முள்ளம்பன்றி. சட்ட ஆலோசகர் அடியேன். செந்நாய்கள் படையெடுத்து வந்து கோட்டையை வளைத்து, சுனைக்குப் போகும் வழியை அடைத்துவிட்டன. தூரத்துக் குகையில் பத்திரமாக இருந்த ராஜா, "கடைசி முயல் வரை போராடுங்கள்" என்று சொல்லியனுப்பினார். முயல்குட்டிகள் தண்ணீருக்கு அழுதன. கூரனுக்கு மனசு கேட்கவில்லை. செந்நாய்த் தலைவன் செவலையனோடு உடன்படிக்கை போட்டான்: கோட்டை உங்களுக்கு, உள்ளே இருந்த யாரையும் தின்னக்கூடாது.

செவலையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். எல்லோரும் முழுசாக வெளியே வந்தோம். முதலில் வந்தது நான்.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! "மதில் இடியாமலே கோட்டையைக் கொடுத்தாயா? எடு தலையை" என்று கூரன்மேல் வழக்குப் போட்டார்.

"வக்கீலய்யா, காப்பாத்துங்க. நான் புள்ளகுட்டிக்காரன்" என்றான் கூரன்.

"நான் இருக்கேன்ல?" என்றேன்.

நீதிபதி யானை முன் எழுந்து கனைத்தேன். "கனம் நீதிபதி அவர்களே! கட்டாயப்படுத்தி வாங்கிய கையெழுத்து செல்லாது. நாக்கு வறண்டு போட்ட கையெழுத்து கட்டாயம் இல்லாமல் வேறென்ன? சரணாகதியே செல்லாதபோது குற்றம் ஏது?"

யானை காதை ஆட்டி யோசித்தது. "நல்ல பாயிண்ட். முற்றுகைக்குள் போட்ட எந்த உடன்படிக்கையும் செல்லாது. கூரன் விடுதலை. பழைய நிலையே திரும்பட்டும். முயல்கள் உள்ளே, செந்நாய்கள் வெளியே."

அடேயப்பா, என்ன கைதட்டல்! முயல்கள் என்னைத் தோளில் தூக்கப் பார்த்தன. பாவம், முடியவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து செவலையன் எழுந்தான். "ஒரு சந்தேகம் சார். அப்போ தின்னமாட்டோம்னு நாங்க கொடுத்த வாக்கும் செல்லாதுதானே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சட்டத்தில் சந்தேகம் கேட்டால் என் வாய் சும்மா இருக்குமா? "அறவே செல்லாது!" என்றேன்.

செந்நாய்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. மறுநாளே கோட்டையைக் காலி செய்து எங்களை உள்ளே விட்டு, வெளியே வளைத்து உட்கார்ந்துகொண்டன. சுனைக்கு வழி இல்லை. குட்டிகள் மறுபடி அழ ஆரம்பித்தன.

"இன்னொரு தடவை சரணடைஞ்சுடலாம். எழுதுங்கய்யா" என்றான் கூரன். ஒரு கமா பிசகாமல் எழுதி, மதில்மேல் நின்று நீட்டினேன்.

செவலையன் அதை வாங்கவே இல்லை. "முற்றுகையில போட்ட கையெழுத்து செல்லாதுன்னு நீங்கதானே சார் தீர்ப்பு வாங்கினீங்க? செல்லாத காகிதத்தை வச்சு நாங்க என்ன பண்றது?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, வாயை ஒருமுறை நக்கிக்கொண்டான்.

அவன் சொன்னதில் சட்டப்படி ஒரு குற்றமும் காண முடியவில்லை. அதையும் நானே எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன்.

நீதி (ஃபீஸ் இல்லாமல் சொல்வது): உயிர்மேல் ஆசை இருந்தால் ஜெயிக்கிற வக்கீலை வைக்காதே, வாய்தா வாங்குகிற வக்கீலை வை.