இரண்டு கார் இடத்தில் ஒரு படகு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிகரெட், சீட்டு என்றால் ஊர் மன்னித்துவிடும். என்னுடையது வேறு ரகம். எதைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அங்கிருந்து நகர மாட்டேன். லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர், வாட்டர் ஃபில்டர் மாற்ற வந்தவர், என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் (வாயில் பஞ்சோடுதான் கேட்டேன்), எல்லோரும் என்னிடம் மாட்டிக்கொண்டவர்கள். இத்தனை கேள்வி கேட்கிற ஆள், கேட்க வேண்டிய ஒரே கேள்வியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை என் மச்சான் மகன் கல்யாணத்தன்று மொத்தக் குடும்பமும் பார்த்தது.

நாங்கள் இருப்பது மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர் பக்கம். மழை என்றால் மற்ற ஊர்க்காரர்கள் குடையைத் தேடுவார்கள். நாங்கள் ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று விசாரிப்போம். எங்கள் அபார்ட்மெண்டில் எட்டு வீடுகள். கீழே தூண்களும், சுற்றிச் சுவர் வைத்த, ஒரே வாசலுள்ள கார் நிறுத்தும் இடமும் மட்டும். வீடுகள் முதல் மாடியில்தான் ஆரம்பம். ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு அசோசியேஷன் சார்பாக ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கி, காம்பவுண்டு ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்தோம். மூன்று பேர் உட்காரலாம். நான்காவது ஆள் ஏறினால் மற்ற மூவரும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.

அப்போது நான்தான் அசோசியேஷன் செக்ரட்டரி. (வேறு யாரும் கிடைக்கவில்லை என்பது தனிக்கதை.) ஒரு மழையில் அந்தச் சின்னப் படகில் என் மனைவி மாலதி ஒரு கையில் குடை, ஒரு கையில் செருப்பு, மடியில் பக்கத்து வீட்டுக் குக்கர் என்று மெயின் ரோடு வரை போன காட்சியைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கூரை போட்ட பெரிய படகாக மாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன்.

கோவளம் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் அப்படி ஒரு படகு விலைக்கு வந்தது. அறை மாதிரி அடைப்பு, மெத்தை போட்ட பெஞ்சு, நான்கு இரும்புக் குழாய் மேல் நிற்கும் வெள்ளைக் கூரை. விற்றவரிடம் அரை நாள் பேசினேன். அடிப்பாகம் ஏன் கூர்மை, பாரம் ஏற ஏற எவ்வளவு இறங்கும், எஞ்சினுக்குள் மணல் போனால் என்ன ஆகும் என்று ஒன்று விடவில்லை. கடைசியில் அவர் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனார். போனவர் திரும்பி வரவே இல்லை. விலை பேசி முடித்தது அவருடைய டிரைவர்.

"எங்கே நிறுத்தப் போறீங்க?" என்று மாலதி கேட்டாள்.

அதற்கும் பதில் தயாராக இருந்தது. காம்பவுண்டு ஓரத்தில் இடம் போதாது. ஆகவே பார்க்கிங்கில் என் கார் இடம், பக்கத்தில் இருந்த விருந்தாளி கார் இடம், இரண்டையும் சேர்த்து அளந்தேன். நீளம் சரி. அகலம் சரி. படகின் கூரைக்கும் பார்க்கிங் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. தாராளம் என்று தோன்றியது. ஒரு காரை எப்படி அளப்பார்களோ அப்படியே மிக நுணுக்கமாக அளந்திருக்கிறேன்.

சின்னப் படகை விற்றாக வேண்டும். அதன் பக்கவாட்டில் சிவப்பு எனாமல் பெயிண்டில் என் கையாலேயே முழங்கை நீள எழுத்தில் 'விற்பனைக்கு' என்று எழுதினேன். பின் தெரு தேவராஜ் வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் அவர்கள் குடும்பத்து நெல்வயல். இப்போது சிமெண்ட், கம்பி வியாபாரம். எங்கள் புதுப் படகைப் பார்க்க வந்தவர், அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஜோரா கீது சார். தண்ணி வந்தா இத்த எப்டி வெளிய எடுப்பீங்க?"

"தண்ணி வந்தா தானா மிதந்து வந்துடும் தேவராஜண்ணா" என்றேன். அவர் மேலே கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று விளக்க ஆரம்பித்திருந்தேன். அதைக் கேட்டு முடித்த எவருக்கும் பேசத் தெம்பு இருப்பதில்லை.

இந்தச் சமயத்தில்தான் மாலதியின் அண்ணன் சேகர் தன் மகன் கார்த்திக்குக்குக் கல்யாணம் வைத்தார். சேகரின் வீடு அனகாபுத்தூரில், ஆற்றை ஒட்டிய சந்தில், தரைத்தளத்தில். மழை மாதத்தில் முகூர்த்தம். தாலியையும் கூரைப்புடவையையும் வீட்டில் வைக்க அவருக்குப் பயம்.

"எங்க வீட்டுல வைங்க மச்சான். மாடியில இருக்கோம், அதுக்கு மேல போட் வேற இருக்கு. ஊரே முழுகினாலும் தாலி நேரத்துக்கு வரும்" என்றேன். பந்தியில் பாயசம் பரிமாறுகிறவனின் தாராளம் அப்போது என் குரலில் இருந்தது. அவரும் நம்பிவிட்டார் பாவம்.

முந்தின நாள் சாயங்காலம் சேலையூர் மண்டபத்தில் ரிசப்ஷன். அப்போதே தாலியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். மாலதி அதைத்தான் சொன்னாள். கூட்டத்தில் யார் கைக்குப் போகுமோ, காலையில் நாமே பத்திரமாகக் கொண்டு வரலாம் என்று நான் தடுத்தேன். உண்மைக் காரணம் வேறு. மழை வலுத்துக்கொண்டிருந்தது. படகு முதல் முறையாக மிதப்பதை என் கண்ணால் பார்க்க ஆசை. காரை எல்லோரையும் போல மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஊரில் கார்கள் எல்லாம் பாலத்தில் நிற்க, எங்கள் பார்க்கிங்கில் மட்டும் படகு நின்றது.

காலையில் மாடிப்படி இறங்கிய நான் கடைசிப் படிகளுக்கு முன்பே நின்றுவிட்டேன். பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். அங்கே இடுப்பளவு என்றால் தெருவில் கழுத்தளவு. படகு மிதந்துதான் இருந்தது. மிதந்து, மேலே எழும்பி, பார்க்கிங் கூரையில் தலையை முட்டிக்கொண்டு, அங்கேயே சிக்கி நின்றது. பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. தண்ணீர் ஏற ஏற இன்னும் இறுகிக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது ஆச்சரியம்தான். "மாலதி, இங்கே வந்து பாரேன், எவ்வளவு அழகா மாட்டியிருக்கு" என்று கூப்பிட்டேன். பட்டுப்புடவையில், தாலிப் பையை மார்போடு அணைத்தபடி படியில் வந்து நின்றவள் படகைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அப்போதுதான் போன் அடித்தது. சேகர்.

"மாப்ளை, கெளம்பிட்டீங்களா? ஐயர் தாலிய எங்கன்னு கேக்கறார். ஒன்பது மணியோட முகூர்த்தம் முடியுது."

"போட்ல ஏறிட்டிருக்கோம் மச்சான்" என்றேன். ஏறத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், பொய் இல்லை.

பாரம் ஏறினால் படகு இறங்கும் என்று கோவளத்தில் கேட்டது நினைவுக்கு வந்தது. எட்டு வீட்டு ஆண்களையும் கூப்பிட்டேன். பல் விளக்காத வாயோடு, மடித்துக் கட்டிய லுங்கியோடு வந்தார்கள். ஒவ்வொருவராகப் படகில் ஏறி, கூரைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்தார்கள். நான்கு விரல் இறங்கியது. "எட்டுப் பேருக்கு நான்கே விரல்தானா, அப்படியென்றால் படகின் பரப்பு..." என்று நான் மனக்கணக்குப் போட ஆரம்பித்ததும், படியிலிருந்து மாலதியின் குரல் வந்தது.

"இப்பவா?"

தூணைத் தூணைப் பிடித்து இழுத்து வாசல் வரை கொண்டு வந்துவிட்டோம். அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. வாசலுக்கு மேலே குறுக்கே போகிற கான்கிரீட் பீம், பார்க்கிங் கூரையைவிட ஒரு சாண் இறக்கம். ஆறு வருஷமாகத் தினமும் அதன் கீழே போய் வந்திருக்கிறேன். படகின் மூக்கு வெளியே, கூரை பீமில் இடித்து உள்ளே, என்று நின்றுவிட்டது.

"சார், இன்னும் வெயிட் வேணும். தண்ணிய மொண்டு உள்ள ஊத்தலாமா?" என்றார் மேல்மாடி பாஸ்கர். நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. யோசனையில் தப்பு எதுவும் தெரியவில்லை. வாளி, அண்டா, குழந்தை குளிக்கிற டப் எல்லாம் வந்தன. வெள்ளத்துக்குப் பயந்து படகு வாங்கி, அந்த வெள்ளத்தையே மொண்டு படகுக்குள் ஊற்றிய அசோசியேஷன் இந்தச் சென்னையில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். மெத்தை பெஞ்சு நனைந்தது, எஞ்சின் நனைந்தது, பாஸ்கரின் போன் நனைந்தது. படகு கொஞ்சம் இறங்கியது. எல்லோரும் சேர்ந்து தள்ள, பாதி தூரம் வெளியே வந்து, நான்கு குழாயும் வளைந்து, பீமுக்கு அடியில் மூடி போட்ட மாதிரி இறுகிவிட்டது. இப்போது படகும் வெளியே போக முடியாது. வாசலை அது அடைத்துக்கொண்டதால் நாங்களும் போக முடியாது.

மணி எட்டு. சேகரின் போன் விடாமல் அடித்தது. எனக்கு எடுக்கத் தைரியமில்லை. ஒரு பையன் மணவறையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறான், அவன் கட்ட வேண்டிய தாலி ஒரு முட்டாளின் படகுக்குப் பின்னால் இருக்கிறது என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. நிஜமாகவே அழுதுவிடுவேன் போலிருந்தது.

அப்போது வெளியே துடுப்புச் சத்தம்.

"இன்னா சார், போட்டு மாட்டிகினு கீதா?"

தேவராஜ். எங்கள் பழைய சின்னப் படகில், லுங்கியும் பிளாஸ்டிக் கோட்டுமாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் முதல் அண்டா தண்ணீரை மொள்ளும்போதே மாலதி அவருக்குப் போன் செய்திருக்கிறாள். இந்தத் தெருவில் நான் ஒருவன்தான் அவர் வருவார் என்று தெரியாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன்.

"அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன் சார். நீங்க பேச்ச நிறுத்தவே இல்ல" என்றார்.

மாலதி தாலிப் பையோடு பெரிய படகின் பின்பக்கம் ஏறி, கூரைக்கு அடியில் தவழ்ந்து, முன்பக்கமாக வந்து சின்னப் படகில் இறங்கினாள். பின்னாலேயே நானும் கூரைப்புடவைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய பெரிய படகு, சின்னப் படகில் ஏறுவதற்கு ஒரு படித்துறையாக உதவியது.

மெயின் ரோடு மேட்டில் சேகர் அனுப்பிய கார் நின்றிருந்தது. காரோடு வீடியோக்காரரையும் அனுப்பியிருந்தார். தாலி படகில் வருகிறது என்றால் அதைப் படம் எடுக்காமல் விடுவார்களா? முகூர்த்தம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது மண்டபத்துக்குள் ஓடினோம். சேகர் என் கையிலிருந்த பெட்டியை வாங்கினார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கார்த்திக் தாலி கட்டினான். மாலதி அழுதாள். என் சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீரில் நாதஸ்வரக்காரர் வழுக்கப் பார்த்தார்.

பெரிய படகை வெல்டிங் கடைக்காரர் வந்து, குழாய்களை அறுத்து, கூரையைக் கழற்றித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதுவரை எட்டு வீட்டுக்காரர்களும் அதற்குள் தவழ்ந்துதான் ஆபீஸ் போனார்கள். செக்ரட்டரி பதவியை நான் ராஜினாமா செய்தேன் என்று சொன்னால் அது கௌரவமாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கல்யாண வீடியோ வந்தது. மொத்தக் குடும்பமும் சேகர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம். கெட்டிமேளம் முழங்க, ஸ்லோ மோஷனில், வெள்ளத்தின் நடுவே படகு வருகிறது. தேவராஜ் துடுப்புப் போடுகிறார். மாலதி தாலியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தலையில் பெட்டியோடு நான். எனக்கு நேர் கீழே, படகின் பக்கவாட்டில், என் கையெழுத்திலேயே சிவப்பாக 'விற்பனைக்கு'. (பெயிண்ட் நல்லா கீது, எதுக்கு அழிக்கணும்னு வுட்டுட்டேன் என்று தேவராஜ் பிறகு சொன்னார்.)

புதுப் பெண் பிரியாதான், வந்து ஒரு மாசம்கூட ஆகாத தைரியத்தில், மாலதியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா என்ன விலை அத்தை?"

மாலதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விலையெல்லாம் வேணாம்மா. ரெண்டு கார் நிறுத்துற இடம் இருக்கறவங்க சும்மாவே கூட்டிட்டுப் போகலாம்."

கல்யாணத்துக்குப் பிறகு சேகர் அன்றைக்குத்தான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். இப்போதும் எந்த விசேஷத்தில் நான் யாரையாவது நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாலும், எங்கிருந்தோ ஒரு குரல் வரும்: "பார்க்கிங் இருக்கான்னு முதல்ல கேளுங்க மாமா."