பொட்டலுக்கு ஒரு பணக்காரர் தேவை

ஒரு காட்டில், ஆத்தங்கரைன்னு ஒரு பக்கம், பொட்டல்னு ஒரு பக்கம். பொட்டல்ல இருந்தது வெறும் முயலுங்க. யாருகிட்டயும் ஒண்ணும் கெடையாது. தண்ணிக்கு ஆத்துக்குத்தான் ஓடணும். ஓடி வந்த தாகத்துக்கே கொண்டாந்த தண்ணி சரியாப் போயிரும். குட்டிங்க வாயைப் பொளந்துட்டு நிக்கும்.

ஒருநாள் சிங்கராசா ஆபீஸ்லேர்ந்து நாரை சார் வந்தாரு. வீடு வீடா எட்டிப் பாத்து, யாருகிட்ட என்ன இருக்குன்னு போன்ல கணக்குத் தட்டுனாரு. பூரிச்சுப் போயிட்டாரு.

"வசதியில வித்தியாசமே இல்லாத ஏரியா இதுதாம்மா. காட்டுலயே மொத எடம்."

"சந்தோசம் சார். தண்ணித் தொட்டி எப்ப வரும்?"ன்னு கேட்டா ராக்கு முயல்.

"ஏத்தத்தாழ்வு இருந்தாத்தான் தொட்டி. ஆத்தங்கரையில பாரு, கரடி வீட்ல தேன் வழியுது, பக்கத்து வீட்ல அடுப்பு எரியல. அதான் அங்க தொட்டி குடுத்தோம்."

"அங்க ஆறே ஓடுதே சார்."

"ஆறு எங்க கணக்குல வராது."

ராக்கு நேரா கரடிகிட்ட போனா. "மொதலாளி, எங்க ஊருக்குக் குடி வந்துருங்க."

"வந்து?"

"சும்மா பணக்காரரா உக்காந்திருந்தாப் போதும்."

"அது பழகின வேலைதான்"னு கெளம்பிருச்சு கரடி. தேனடையெல்லாம் முயலுங்க தலையில.

நாரை மறுபடி வந்து தட்டுனாரு. போன் சூடாயிருச்சு. "அடக் கொடுமையே, போன தடவ எவ்வளவு நல்லா இருந்தீங்க"ன்னு அழுதுகிட்டே தொட்டி குடுத்தாரு. காம்பவுண்டு சுவரு இருக்குறது கரடி வீட்டுக்குத்தானே? பத்திரமா அதுக்குள்ளயே வெச்சாச்சு.

ராக்கு குடத்தோட போய் நின்னா. தொட்டிக்குள்ள கரடி, ஒடம்பெல்லாம் சோப்பு. "குளிச்சிட்டு வரேன், நில்லு."

அந்நேரம் பாத்து ஆத்தங்கரை முயலுங்க ஓடியாந்துச்சு. "எங்க கரடியக் குடுங்கடி. இவரு போனதும் நாங்க சமமாயிட்டோமாம், தொட்டியத் தூக்கிட்டாங்க."

"வேணும்னா நீங்களே ஒரு பணக்காரர வளத்துக்கங்க"ன்னா ராக்கு.

அவங்க கரடி கையப் புடிச்சு இழுக்க, பொட்டல் முயலுங்க காலப் புடிச்சு இழுக்க, தொட்டித் தண்ணி தளும்பி வெளிய கொட்டுச்சு. ராக்கு டக்குனு கால விட்டுட்டு குடத்த வெச்சா.

வீட்ல குட்டி குடிச்சுப் பாத்து, "நல்லாருக்கும்மா, நொரையெல்லாம் வருது"ன்னுச்சு.

நீதி: ஏழையா இருந்தா மட்டும் பத்தாது, பக்கத்துல ஒரு பணக்காரன் குளிச்சாத்தான் நம்ம தாகம் கணக்குல ஏறும்.