சங்கரியின் அண்ணன்

வயது, ஆணா பெண்ணா, ஊர். அரட்டைக்குள் நுழைந்தால் எல்லோரும் முதலில் கேட்டது இந்த மூன்றையும்தான். அம்மையப்பன் உண்மையைச் சொன்னான். இருபத்து மூன்று, ஆண், திருநெல்வேலி. இரண்டாவது விடையைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் காணாமல் போனது. பத்து நாளில் நாற்பத்தொரு பேர் இப்படிப் போயிருந்தார்கள்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். வண்ணார்பேட்டையில் அசன் மைதீன் நடத்திய இன்டர்நெட் கடையில் ஆறு கம்ப்யூட்டர்கள், நடுநடுவே பலகைத் தடுப்பு. அம்மையப்பனுக்கு அடுத்த தடுப்பில் எப்சி என்றொரு பெண் வந்து உட்காருவாள்; அவன் நிமிர்ந்து பார்த்ததில்லை. அம்மையப்பன் தட்டச்சுப் பள்ளியில் வாத்தியார்; தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ். ஆங்கில எழுத்தில் தமிழை அவனைப் போல வேகமாக அடிக்க அந்தக் கடையில் ஆளில்லை. அடித்ததைப் படிக்கத்தான் ஆளில்லை.

அசன் மைதீனிடம் முறையிட்டான்.

“ஆம்பளன்னு தெரிஞ்சாலே பொம்பளப் பிள்ளைய எல்லாம் ஓடிரும்வே. பொம்பளப் பேர்ல போய்ப் பாரும். பைய பழகிட்டு, பொறவு விஷயத்தச் சொல்லும்.”

அன்று மாலை அம்மையப்பன் சங்கரி ஆனான்.

ஒரே நிமிடத்தில் பதினான்கு பேர் வந்து விழுந்தார்கள். ஒருவன் சேலையா சுடிதாரா என்று கேட்டான். துபாயிலிருந்து ஒருவன், வீடு கட்டி முடித்தாயிற்று, பெண் மட்டும்தான் பாக்கி என்று எழுதினான். மூன்றாமவன் கேட்டதைப் படித்ததும் அம்மையப்பன் தன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் தேறினார்கள். ஒருத்தி மதுமதி, ஊர் ஏரல். மற்றவன் ஜாபேஸ், பாளையங்கோட்டை. ஜாபேஸ் உடுப்பைப் பற்றிக் கேட்கவேயில்லை. தன் கல்லூரி வாத்தியார்களைப் பற்றி அவன் எழுதுவதைப் படித்து அம்மையப்பன் வாய்விட்டுச் சிரிப்பான். ஆனாலும் ஆண். ஆணோடு சிரித்து என்ன ஆகப்போகிறது?

மதுமதியைப் பிடித்துக்கொண்டான். அவள் சொதி வைப்பது எப்படி என்று கேட்டாள். அவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டான். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அடுத்த நாள் மதுமதிக்கு முடி கொட்டியது. அதற்கும் அம்மாவிடம் போனான். மகனுக்குத்தான் முடி கொட்டுகிறது என்று எண்ணிய அம்மா, செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தினமும் அவன் தலையில் ஊற்றினாள். தட்டச்சுப் பள்ளியில் அவன் திருத்திய தாள்களிலெல்லாம் எண்ணெய் சொட்டியது.

இப்படியே போனால் ஆயுள் முழுக்கத் தோழியாகவே இருக்க வேண்டியதுதான் என்று பயந்து, ஓர் அண்ணனை உண்டாக்கினான். பெயர் அம்மையப்பன், இரண்டு ஹையர், கெட்ட பழக்கம் கிடையாது. மதுமதி சந்தோஷப்பட்டாள். தனக்கும் ஓர் அண்ணன் உண்டு, வாழைத் தோப்பு இருக்கிறது, தங்கமான குணம் என்றாள். அம்மையப்பன் மரியாதைக்கு அவன் நலத்தை விசாரித்து வைத்தான்.

பிறகு மதுமதி நேரில் பார்க்க வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை, வண்ணார்பேட்டை ஜூஸ் கடை. அண்ணனையும் கூட்டி வருகிறேன் என்று சங்கரி ஒப்புக்கொண்டாள். சந்தோஷம் தாங்காமல் அதை ஜாபேஸிடமும் சொன்னாள்.

போகாதே, என்று ஜாபேஸ் எழுதினான். அது பெண்ணாகத் தெரியவில்லை. பழகிய மறுநாளே உன் போட்டோ கேட்டாள் என்றாயே, எந்தப் பெண்ணும் அப்படிக் கேட்கமாட்டாள்.

அம்மையப்பனுக்கு ஆத்திரம் வந்தது. உங்களுக்குப் பொறாமை, ஆம்பளைகள் எல்லாருமே இப்படித்தான், இனிமேல் என்னோடு பேச வேண்டாம் என்று தட்டினான். தட்டி முடித்தபோது உண்மையிலேயே அவன் கண் கலங்கியிருந்தது.

சரி சங்கரி, பத்திரமாக இரு, என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஜூஸ் கடையில் ஒரு மீசைக்காரன் கையில் மல்லிகைப் பொட்டலத்தோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மையப்பன் தயங்கித் தயங்கிப் போய் எதிரே உட்கார்ந்தான்.

“நீங்க சங்கரிக்கு...”

“அண்ணன். நீங்க?”

“மதுமதிக்கு அண்ணன். அவளுக்குக் காய்ச்சல், வரமுடியல.”

“சங்கரிக்கும் காய்ச்சல்தான்.”

இருவரும் ரோஸ்மில்க் குடித்தார்கள். பாதியில் மீசைக்காரன் தலையைக் குனிந்தபடியே கேட்டான்.

“அந்தச் சொதி, நீங்களே வைப்பீங்களா?”

“எங்கம்மா வைப்பாங்க.”

ஏரல்காரனுக்குத் தங்கையே இல்லை என்பது அதற்குமேல் சொல்லாமலே தெரிந்துவிட்டது. பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டு அவன் பஸ்ஸுக்குப் போனான்.

அம்மையப்பன் நேரே அசன் மைதீன் கடைக்கு வந்தான். இத்தனை பேரில் யோக்கியமாகப் பேசியது ஜாபேஸ் ஒருவன்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எல்லா உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தான். ஜாபேஸ் வரவில்லை. கடைசியில் அசன் மைதீனிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, பாளையங்கோட்டை ஜாபேஸைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று கேட்டான்.

அசன் மைதீன் தலையில் அடித்துக்கொண்டார்.

“பொம்பளப் பேர்ல வந்தா தொந்தரவு தாங்கலன்னு அழுதுச்சுன்னு, அந்த ஆம்பளப் பேர நாந்தாம்வே போட்டுக் கொடுத்தேன், இத்தன நாளும் ஒம்ம பலகைக்கு அந்தப் பக்கம் இருந்துச்சே, நம்ம எப்சி, அந்தப் பிள்ளதான் ஜாபேஸ்.”