பேலன்ஸுக்குப் பதினான்கு சொற்கள்

ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் தெரிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குப் பத்தொன்பது வயதில் ‘பேலன்ஸ்’ என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லுக்குப் பதினான்கு மாற்றுச் சொற்கள் தெரிந்திருந்தன. அந்தத் திறமையை வைத்து எங்கள் தெரு முழுவதன் வயிற்றிலும் அடித்தேன். (வேண்டுமென்று இல்லை. வேண்டுமென்று அடிக்கிறவர்கள் இவ்வளவு நேர்த்தியாக அடிப்பதில்லை.)

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, சுற்றிலும் வயலாக இருந்த எங்கள் ஊரில், கூலிக்காரர் தெருவிலிருந்து பி.யூ.சி. தேறிய முதல் பெண் நான். குமாஸ்தா வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அட்டை கிழிந்த ஒரு ஆங்கில அகராதியைப் பார்த்து, ஒரு சொல், அதன் கீழே அதே பொருள் தரும் மற்ற சொற்கள் என்று நோட்டில் எழுதுவேன். ‘பேலன்ஸ்’ வந்ததும் இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டேன். ஈக்விலிப்ரியம், பாரிட்டி, ஈக்விட்டி, சிமெட்ரி என்று போய்க்கொண்டே இருந்தது. கழைக்கூத்தாடி கயிற்றில் நடப்பதும் பேலன்ஸ், தராசு முள் நடுவில் நிற்பதும் பேலன்ஸ், பேசக்கூடாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதும் பேலன்ஸ். இதில் கடைசியாகச் சொன்னதை மனப்பாடம் செய்தேனே தவிர, கற்றுக்கொள்ளவில்லை.

அந்தத் தை மாதம் ஊரில் அறுவடைத் தகராறு. அறுப்புக் கூலியை நெல்லாகத்தான் கொடுப்பார்கள். மரக்காலில் நெல்லை நிரப்பி, விளிம்புக்கு மேலேயும் கோபுரம் போலக் குவித்து அளப்பது வழக்கம். அந்தக் குவியல்தான் எங்கள் வீட்டின் ராச்சோறு. அந்த வருஷம் பெரிய பண்ணையின் காரியக்காரர், “இனிமே தலைவழிச்சுத்தான் அளப்போம்” என்று சொல்லி, ஒரு கட்டையால் விளிம்போடு விளிம்பாக நெல்லை வழித்துத் தள்ளிக் காட்டினார். பெண்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டார்கள். விளைந்த சம்பா வயலிலேயே உதிர ஆரம்பித்தது. தாசில்தார் இரு தரப்பையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்.

எங்களுக்காகப் பேச வேண்டிய சங்கத்துக்காரர் அன்றைக்கு வேறு ஊர்ச் சண்டைக்குப் போய்விட்டார். நடவானாலும் அறுப்பானாலும் முன்னால் நிற்கும் ராசாத்தி அத்தை, “படிச்ச புள்ளைய வச்சுக்கிட்டு நாம எதுக்கு முழிக்கணும்? இவளே பேசட்டும்” என்றாள். என் நெஞ்சு அப்போதே தாலுகா ஆபீஸ் வரைக்கும் விரிந்துவிட்டது.

வழியெல்லாம் அம்மா ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். “ரொம்பப் பேசாதடி. ‘எப்பயும்போலக் குவிச்சு அளக்கணும்’னு சொல்லு. அவ்வளவுதான். சொல்லிட்டு உக்காந்துக்க.”

மூன்றே சொல்! பி.யூ.சி. படித்தவள் பேசுகிற பேச்சா அது? நான் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

தாசில்தார் நல்ல மனுஷர். எங்களைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். காரியக்காரர் அங்கவஸ்திரத்தை மடியில் மடித்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். நான் எழுந்து, தொண்டையைக் கனைத்து, “ரெஸ்பெக்டட் சார்” என்று ஆரம்பித்தேன்.

“தமிழ்லயே சொல்லும்மா” என்றார் தாசில்தார். “இப்ப எல்லாம் தமிழ்லதான்.”

ஆட்சி மாறி, ஆபீஸில் போர்டு, கோப்பு எல்லாம் தமிழுக்கு வந்துவிட்ட காலம் அது. மேடையில் தமிழ் முழங்கியதை எல்லாம் முன்வரிசையில் நின்று கைதட்டிக் கேட்டவள்தான் நான். அன்றைக்கு மட்டும் அது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் உழைப்பை விட மனசு வருமா? பதினான்கையும் நின்ற இடத்திலேயே தமிழாக்க ஆரம்பித்தேன்.

“சமநிலை வேண்டும் ஐயா. சரிநிகர் வேண்டும். நடுநிலை வேண்டும். நிதானம் வேண்டும்...”

தாசில்தார் தலையாட்டினார். தலையாட்டுகிற ஒரு அதிகாரியை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எனக்கு ஏறிவிட்டது.

“அளவு என்பது யார் பக்கமும் சாயக்கூடாது. ஒரு இடத்தில் குவிந்தும் ஒரு இடத்தில் குறைந்தும் இருப்பது நியாயம் ஆகாது. நீர்மட்டம் போல எல்லாம் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அதுதான் எங்கள் கோரிக்கை!”

பின்னால் பெஞ்சில் ராசாத்தி அத்தை கைதட்டினாள். (பாவம், என் குரல் ஓங்கிய இடத்தில் தட்டினாள்.) காரியக்காரர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்காமல் எழுந்து நின்றார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு பின்னால்தான் எனக்கு விளங்கியது.

“பாப்பா சொல்றது ரொம்ப நியாயம்ங்க. எங்களுக்கு முழுச் சம்மதம். அதையே எழுதிக்குங்க.”

வந்த கால் மணி நேரத்தில் சண்டை தீர்ந்ததில் தாசில்தாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குமாஸ்தா எழுதி நீட்டினார். “படிச்சுப் பாத்துட்டுப் போடும்மா” என்றார். பெரிய மனுஷர்கள் எழுதியதைச் சந்தேகப்படுவது மரியாதை இல்லை என்று நினைத்து, அடியில் கோடு இழுத்து ஸ்டைலாகக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு குமாஸ்தா உரக்கப் படித்தார்: “இரு தரப்பும் ஒப்புக்கொண்டபடி, கூலி நெல் மரக்காலின் விளிம்பு மட்டத்துக்குத் தலைவழித்து அளக்கப்படும்.”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானை தன் தலையோடு நிறுத்திக்கொள்ளும். நான் தெருவுக்கே போட்டிருந்தேன்.

“ஐயா, அது இல்லைங்க... நான் சொன்னது பொதுவா...” என்று எழுந்தேன். தாசில்தார் அதற்குள் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார். அம்மா என்னைத் திட்டவில்லை. “மூணு வார்த்தைடி” என்று மட்டும் சொன்னாள். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் அறுப்பு ஆரம்பித்தது. சாயங்காலம் களத்தில் காரியக்காரர் கட்டையை எடுத்து ஒவ்வொரு மரக்காலாக வழித்தார். வழிக்கும்போதெல்லாம், “நீர்மட்டம் போல!” என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். அம்மாவின் கூடையில் நெல் அடங்கிக் கிடந்தது. அன்றைக்கு ராத்திரி எங்கள் தெருவில் பல வீடுகளில் கஞ்சிதான். எனக்கு அவமானமாக இருந்தது. நோட்டை அடுப்பில் போடலாம் என்று எடுத்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

“இதுல என்னென்ன எழுதி வச்சிருக்க? அங்க பேசினியே, அதத் திருப்பிச் சொல்லு.”

சொன்னேன். யார் பக்கமும் சாயக்கூடாது, ஒரு இடத்தில் குவியக்கூடாது, எல்லாம் ஒரே மட்டம். அம்மா இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, ராசாத்தி அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அறுத்த கதிரைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக் களத்துக்குச் சுமப்பதும் நாங்கள்தான். கட்டு ஏற்றிய பிறகு, ஒரு நடை மிச்சமாகட்டும் என்று அதன் மேல் இன்னும் நாலைந்து பிடி அரிக் கதிரைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுவது வழக்கம். யாரும் கேட்டு வாங்கியதில்லை, யாரும் கொடுத்ததாகச் சொன்னதும் இல்லை. மறுநாள் காலையில் ஒருத்தியும் மேலே ஒரு கதிர்கூட வைக்கவில்லை. சின்னக் கட்டாகக் கட்டி, மேல்பக்கத்தைக் கையால் தட்டி மட்டம் பார்த்து, கல்யாண ஊர்வலம் போல வரப்பில் நடந்தார்கள்.

“என்னம்மா இது? எப்பக் கொண்டு சேக்குறது?” என்று காரியக்காரர் கத்தினார்.

“குவிக்கக் கூடாதுங்களே” என்றாள் அம்மா, வெகு மரியாதையாக. “எம் பொண்ணு பேசி, நீங்க சம்மதிச்சு, தாசில்தாரு எழுதினதுங்க. எல்லாம் ஒரே மட்டம்.”

மூன்றாம் நாள் தெற்கே மழைக் கருக்கல் கட்டியது. பாதி வயல் அறுத்துக் கிடக்கிறது. ஈரம் பட்டால் நெல் முளைத்துவிடும். காரியக்காரர் வானத்தைப் பார்த்தார், வரப்பில் அன்னநடை நடக்கும் பெண்களைப் பார்த்தார், கடைசியில் வழிக்கிற கட்டையைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தார். அன்றைக்குச் சாயங்காலம் அவரே இரண்டு கையாலும் நெல்லை அள்ளி மரக்கால் மேல் குவித்தார். சரிந்து விழுந்ததைக்கூடத் திரும்ப எடுத்து வைத்தார்.

தெரு ஜெயித்தது. என் பேச்சால்தானே ஜெயித்தது என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ராசாத்தி அத்தை சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து போனது.

குமாஸ்தா வேலை கிடைத்து, கல்யாணமாகி, நானும் ஓய்வு பெற்றாகிவிட்டது. என் கல்யாணப் பந்தியில் புது மாப்பிள்ளை இலையில் மலையாகச் சோறு விழுந்தது. என் இலைக்கு வந்ததும் ராசாத்தி அத்தை கரண்டியின் முதுகால் சோற்றை வழித்து மட்டமாக்கிவிட்டுப் போனாள். மாப்பிள்ளை திருதிருவென்று முழித்தார். அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது என் மருமகள்கூட எல்லாருக்கும் குவித்துப் போட்டுவிட்டு, என் தட்டை மட்டும் தலைவழித்துத்தான் வைக்கிறாள். இன்னும் கொஞ்சம் கேட்கலாம்தான். ஆனால் கையெழுத்துப் போட்டவள் நான்.