காட்டாத சீட்டு

வரைபடப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டுவிட்ட இரண்டு பக்கங்களுக்கு நடுவே சீட்டுநாடு இருந்தது. அங்கே ஏரித் தண்ணீர் யாருக்கு என்பதை ஆண்டுதோறும் ஒரு சீட்டாட்டம்தான் தீர்மானித்தது. அடிதடியற்ற, நாகரிகமான ஏற்பாடு என்று அரண்மனை அதைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டது. வீட்டுக்கு இரண்டு சீட்டு, மன்னர் மகாகம்பீரருக்கும் இரண்டு. பிறகு மேடை நடுவே மூன்று சீட்டுகளைப் பொதுவாகத் திறப்பார்கள். கடைசிவரை நிற்பவர்கள் கையைக் காட்ட வேண்டும். பெரிய கைக்கு மதகு திறக்கும். பயந்தவர் எப்போது வேண்டுமானாலும் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போகலாம்.

எல்லோரும் போனார்கள். மன்னர் ஆண்டுதோறும் போட்டியின்றி வென்றார். ஏரி அரண்மனை நீரூற்றில் பூப்பூவாய்ச் சிதறியது.

இருந்தும் ஆட்டத்துறை அமைச்சர் பெருமிதராயருக்குத் திருப்தியில்லை. ஏழைகள் தோற்று மனம் நோகக் கூடாதே என்று கருணைச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்: சின்னச் சீட்டு வாய்த்தவர்கள், மேடைச் சீட்டு திறக்கும் முன்பே தாமாக முன்வந்து கவிழ்த்துவிட வேண்டும். மறு ஆண்டு நன்றிச் சட்டம் வந்தது: கவிழ்த்தவர்கள், தோல்வியிலிருந்து காத்த அரசுக்கு ஆளுக்கொரு குடம் தண்ணீர் தர வேண்டும். குடிகள் சட்டத்தில் ஊறிப்போனார்கள். சீட்டைப் பிரித்துப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டு, வாங்கிய கையோடு கவிழ்த்தார்கள்.

அங்கம்மாளும் அப்படித்தான் கவிழ்த்துவந்தாள். இந்த ஆண்டு அவளுடைய கீரைப் பாத்திகள் வெடித்துக் கிடந்தன. ஏரி கிடைக்காவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு, அரண்மனைப் புல்வெளிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்குத்தான் போக வேண்டும். சீட்டைப் பிரித்துப் பார்த்தாள். இரண்டும் ஏழும். அந்நாட்டில் அதைவிட மட்டமான கை கிடையாது.

"கவுத்துட்டு வாங்க மதினி, வெயிலு ஏறுது" என்றான் பக்கத்து வீட்டு மூக்காண்டி. அவன் கவிழ்த்ததில் ஒன்று, எல்லாவற்றிலும் பெரிய சீட்டான ஏஸ் என்பது அவனுக்கே தெரியாது.

"நீ போ. நான் நிக்கிறேன்."

மேடைச் சீட்டுகள் திறந்தன. ராஜா, ஒன்பது, நாலு. அவள் கைக்கு எதுவும் ஒட்டவில்லை.

பெருமிதராயர் தொண்டையைச் செருமினார். "குடிமகளே, மன்னரின் கை மாபெரும் கை. உன் நலன் கருதிச் சொல்கிறோம், கவிழ்த்துவிடு."

"பாத்துட்டுப் போறேன் ஐயா."

"அப்படியானால் பந்தயம் உயர்கிறது! தோற்றால் உங்கள் தெருக் கிணறும் அரண்மனைக்கு!"

கூட்டம் பதறியது. "ஏ மதினி, குடிக்கிற தண்ணிக்கும் உலை வைக்கப் போறியா?" என்று மூக்காண்டி கத்தினான்.

அமைச்சர் குரலைத் தேனாக்கினார். "இப்போது போனால் நன்றிக் குடமும் வேண்டாம். சிவிகையில் வீட்டில் விடுகிறோம்."

அங்கம்மாளுக்கு அங்கேதான் பொறி தட்டியது. நல்ல சீட்டு வைத்திருப்பவன், எதிரே இருப்பவள் எழுந்து போய்விடுவாளோ என்றல்லவா பயப்பட வேண்டும்? இந்த மனுசன் எழுந்து போகச் சொல்லிக் கெஞ்சுகிறாரே!

"கிணறும் பந்தயம். நிக்கிறேன்" என்று சொல்லி, தன் இரண்டையும் ஏழையும் மேடைமேல் அறைந்தாள். "எங்கிட்ட இருக்கறது இவ்வளவுதான். உங்களுத காட்டுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அமைச்சர் சிரிக்கவில்லை. மன்னரைப் பார்த்தார். மன்னர் நீரூற்றைப் பார்த்தார்.

"மன்னரின் சீட்டு தேசியப் பாதுகாப்புக்கு உட்பட்டது."

"இதவிடவா மட்டம்?"

"எதிரி நாடுகள் கவனித்துக்கொண்டிருக்கின்றன, குடிமகளே!"

"அவங்களும் பாக்கட்டும். காட்டுங்க ஐயா."

மூக்காண்டி குனிந்து, தான் கவிழ்த்துப் போட்ட சீட்டை மெதுவாகத் திருப்பினான். பார்த்தான். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். அவனைப் பார்த்து இன்னொருவர் திருப்பினார். பிறகு ராணிகளும் ஏஸ்களுமாகத் தரையெங்கும் சீட்டுகள் முகம் காட்டின.

"கவிழ்த்ததைத் திருப்புவது ராஜத்துரோகம்!" என்று பெருமிதராயர் அலறியபோது, அங்கம்மாள் மதகுக்குப் பாதி வழி போயிருந்தாள். தெருவே பின்னால் வந்தது.

மதகில் ஈட்டியோடு நின்ற காவலன் மறித்தான். "யக்கா, ஆட்டத்துல ஜெயிச்சது யாரு?"

"நான் காட்டிட்டேன். அவரு காட்ட மாட்டேங்கறாரு."

"அரண்மனைச் சீட்ட நான் பொறந்ததுல இருந்து பாத்ததில்ல." அவன் சற்று யோசித்தான். அவன் வீட்டிலும் குடம் காலிதான். ஈட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, மதகுப் பலகையின் மறுமுனையைப் பிடித்தான். "ம், தூக்கு."

மாலையில் அரண்மனை முரசு ஊரெங்கும் அறிவித்தது: 'மன்னர் மகாகம்பீரர் வழக்கம்போல் அமோக வெற்றி பெற்றார். தண்ணீர் மட்டும் தவறுதலாக வேறு பக்கம் ஓடிவிட்டது.' அதைக் கேட்கத்தான் வீதியில் ஆளில்லை. எல்லோரும் வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார்கள்.