ரயிலுக்கு நான் அளித்த தீர்ப்பு

மனிதன் அலுவலகம் போக உகந்தது பேருந்தா, டிராம் வண்டியா, ரயிலா? இந்தக் கேள்விக்கு முடிவு கட்டும் பொறுப்பை நானே ஏற்றேன். காரணம் என் மனைவி சரஜூ.

"இந்தக் கொன்னகர் போதுங்க. டவுனுக்குள்ள, ஷியாம்பஜார்ல எங்க அக்கா வீட்டு மாடி காலியா இருக்கு. அங்கேருந்து பஸ்ஸும் உண்டு, டிராமும் உண்டு. உங்க ரயில்தான் தினம் லேட்டாச்சே!"

ரயில் தினம் லேட் என்று அவளிடம் சொல்லி வந்தவன் நான்தான். உண்மையில் அது ஒழுக்கமான வண்டி. மாலையில் ஹௌராவில் ஏறியதும் நால்வர் முழங்கால்களின் மேல் துண்டை விரிப்போம், சீட்டு விழும். கொன்னகர் வரும்போது ஆட்டம் பாதியில் நிற்கும்.

"சமாத்தார், கையில ஜாக்கிய வச்சுக்கிட்டு எங்கய்யா இறங்குறே?" என்பார் என் ஆட்டக் கூட்டாளி அகோர் பாபு.

நியாயம்தானே? சந்தன்நகர் வரை போய் ஆட்டத்தை முடித்து, எதிர்வண்டியில் திரும்புவேன். அதற்குள் தெருக்குழாயில் மாலைத் தண்ணீர் நின்றிருக்கும். சரஜூ எல்லா வாளிகளையும் சுமந்து முடித்திருப்பாள். இது முற்றிலும் தற்செயல்.

ஷியாம்பஜாருக்குக் குடிபோனால் ரயில் போகும். ரயில் போனால் சீட்டு போகும்.

"ஆராய்ந்துதான் முடிவு," என்றேன் கம்பீரமாக.

"பாருங்களேன். ரயில்தான் உசத்தின்னு ஆச்சுன்னா நான் வாயே திறக்கல."

இரண்டு நாள் அவள் அக்கா வீட்டில் தங்கினேன். முதல் நாள் பேருந்து. "உள்ள காலி, உள்ள காலி!" என்று தகரத்தைத் தட்டினார் கண்டக்டர். உள்ளே காலியாக இருந்தது அவர் மனசாட்சி மட்டுமே. என் குடை அலுவலகம் இருக்கும் டல்ஹௌசியில் இறங்கியது. நான் அடுத்த நிறுத்தத்தில்.

மறுநாள் டிராம். முதல் வகுப்பில் மின்விசிறி நன்றாகச் சுழன்றது, வண்டிதான் நகரவில்லை. தண்டவாளத்தில் ஒரு காளை படுத்திருந்தது. பத்திரிகையை விளம்பரங்கள் உட்படப் படித்து முடித்தேன். பிறகு இறங்கி நடந்து டிராமை முந்தினேன்.

மூன்றாம் நாள், கொன்னகரில், மீன் குழம்பின் முன் அமர்ந்து தீர்ப்பளித்தேன்.

"ரயிலே சிறந்தது."

"லேட்டாகுமே?"

"யார் சொன்னது?" வாதத்தின் வேகம் அப்படி. "அதை வச்சுக் கடிகாரத்தைத் திருத்தலாம்!"

"இந்த மழையில கூடவா?"

"மழையாவது, புயலாவது! ஒரு நாள் தவறினதில்லை!"

சரஜூ மீன்முள்ளைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள்.

"சரி, உங்க தீர்ப்புதான். ஷியாம்பஜார் வேண்டாம். அக்காவோட ஒரே வீட்டுல நான் ஒரு வாரம் தாங்குவேனா?"

எழுந்து போனாள். இரண்டு வாளிகளைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். ஒன்றின் அடியில் இஸ்பேட் ஜாக்கி கிடந்தது.

"துவைக்கிறப்போ உங்க சட்டைப் பையில இருந்துச்சு. நாளையிலேருந்து வண்டி நேரத்துக்கு வரும், இல்லீங்களா? தண்ணியும் அப்பதான் வரும்."

இப்போது தினமும் கொன்னகரில் இறங்குகிறேன். என் இடத்தில் அகோர் பாபுவின் மைத்துனர் ஆடுகிறார். ஒரே ஒரு நாள் வண்டி தாமதமாகட்டும் என்று காளிகாட் காளியிடம் நேர்ந்துகொண்டிருக்கிறேன்.

அது, நான் தீர்ப்பில் சொன்னபடியே, நேரத்துக்கு வந்து தொலைக்கிறது.